சைக்கிளில் நாடு தாண்டும் முதல் நெடும்பயணம்: தாள்கள், செலவு, நாள்கணக்கு

என் முதல் நெடும்பயணம் இருபத்தாறாம் நாளில் நின்றுபோனது. அதற்கு முன் நான்கு மாதம் தினமும் மிதித்துப் பழகியிருந்தேன், கால்களில் தெம்பு இருந்தது. ஆனால் விசாவில் நான்கு நாள்தான் பாக்கி, எல்லைக்கோ இன்னும் முந்நூறு கிலோமீட்டர். கிழிந்த பின் டயருக்கு மாற்று அந்த ஊரில் கிடைக்கவில்லை. முட்டி வேறு வீங்கியிருந்தது. சைக்கிளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லைவரை வந்தேன்.

இந்த மூன்றையுமே கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தே தவிர்த்திருக்கலாம். நாள்கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால், டயரின் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்திருந்தால், சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தியிருந்தால் போதும். புதிதாகக் கிளம்புகிறவர்கள் இதே குழிகளில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்யுங்கள். முதல் படியைத் தாண்டி நேராகச் சைக்கிள் கடைக்குப் போய்விடாதீர்கள்.

1. முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள்

எல்லோரும் வரைபடத்தில் கோடு போட்டுத் தூரத்தைப் பார்க்கிறார்கள். தூரத்தை நாளாக மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

பை, கூடாரம், தண்ணீர் எல்லாம் ஏற்றிய சைக்கிள் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். சாப்பாடு, நிழல், வழி கேட்பது, பஞ்சர் எல்லாம் போக ஒரு நாளில் உண்மையாக மிதிக்கும் நேரம் ஐந்து மணிதான் தேறும். அப்படியானால் 75 கிலோமீட்டர். இது நல்ல நாளின் கணக்கு. திட்டம் போடும்போது 60 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். நீங்களும் சைக்கிளும் மூட்டையுமாகச் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். சாதாரண உடல்வாகு உள்ளவர் நாள் முழுக்கத் தாங்கி மிதிக்கக்கூடிய சக்தி சுமார் 100 வாட். அந்தச் சக்தியில் 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். வழியில் மொத்தம் 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் அதற்கே இரண்டே முக்கால் மணி நேரம் தனியாகப் போய்விடும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது.

எதிர்க்காற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற உங்கள்மேல் அதே வேகத்தில் காற்று எதிரே அடித்தால் தடை நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே வழி எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே வழியை மறுமுனையிலிருந்து தொடங்கினால் பாதிக் கஷ்டம் குறையும்.

சரி, இப்போது சூத்திரம். மொத்தத் தூரத்தை 60 ஆல் வகுங்கள். வந்ததை 1.3 ஆல் பெருக்குங்கள். அந்தக் கூடுதல் பத்தில் மூன்று பங்கு ஓய்வு, மழை, வயிற்றுக்கோளாறு, பழுது இவற்றுக்கானது. 1,500 கிலோமீட்டர் என்றால் 25 நாள், பெருக்கினால் 33 நாள். நான் 30 நாள் விசாவை வைத்துக்கொண்டு 1,500 கிலோமீட்டர் போகக் கிளம்பியிருந்தேன். கிளம்பிய நாளிலேயே மூன்று நாள் கடன்.

நடந்தே போகிறவர்களுக்கு 1892 இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஓய்வு அதில் சேராது. நாடு தாண்டி நடப்பவர்கள் கீழே வருகிற நான்காம் படியை என்னைவிடக் கவனமாகப் படிக்கவேண்டும். நடையில் நாள்கள் மூன்று நான்கு மடங்கு ஆகும், விசாவோ அதே நீளம்தான்.

2. சைக்கிள்: டயர் எண்ணைப் படியுங்கள்

புதுச் சைக்கிள் வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. இருப்பது உங்கள் உயரத்துக்குச் சரியாக இருந்து, பின்னால் கேரியர் பொருத்த ஃபிரேமில் திருகுத் துளைகள் இருந்து, மேடேறச் சிறிய கியரும் இருந்தால் அதிலேயே போகலாம்.

பெரிய பொறி டயரில் இருக்கிறது. "26 இஞ்ச்" என்று கேட்டு வாங்கினால் சக்கரத்தில் ஏறாத டயர் கைக்கு வரலாம். ஏனென்றால் 26 இஞ்ச் என்ற பெயரில் 559, 571, 584, 590 மில்லிமீட்டர் என்று வேறு வேறு ரிம் அளவுகள் உண்டு. 28 இஞ்ச்சிலும் 622, 635 என்று வேறு வேறு அளவுகள் உண்டு. டயரின் ஓரத்தில் 37-622 என்பதுபோல ஓர் இரட்டை எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அந்த இரண்டாவது எண் மாறவே கூடாது. அதை எழுதிவைத்துக்கொண்டு, போகிற நாட்டில் அந்த அளவு புழக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மடிக்கக்கூடிய டயர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் எடுத்துப்போகாமல் இரண்டு நாள் இழந்தேன்.

பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. 36 கம்பி உள்ள பின்சக்கரம் நல்லது. கிளம்பும் முன் கம்பிகளை இழுவை பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தில் இடப்பக்கக் கம்பியும் செயின் பக்கக் கம்பியும் நீளத்தில் வேறுபடலாம். மாற்றுக் கம்பி வாங்கும்போது இரண்டு நீளத்திலும் வாங்குங்கள்.

செயினை ஓர் அளவுகோலால் சோதிக்கலாம். புதுச் செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு முளையின் நடுவிலிருந்து, அதைச் சேர்க்காமல் எண்ணினால் இருபத்து நான்காவது முளையின் நடு சரியாக 12 இஞ்ச்சில் நிற்கும். பதினாறில் ஒரு இஞ்ச் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு இஞ்ச் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அதையும் மாற்றவேண்டி வரும். இந்தச் சோதனை ஒரு நிமிட வேலை. பல்சக்கரத்தின் விலையோடு பார்த்தால் செயின் மலிவு.

3. சீட்டின் உயரம்

முட்டிவலி வந்தால் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் மிதிப்போம். நானும் அதைத்தான் செய்தேன்.

சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதன்பின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் உயரம். முட்டிக்கு முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பின்புறம் வலித்தால் சீட் கூடுதல் உயரம். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்குமேல் மாற்றாதீர்கள்.

சரியான உயரம் கிடைத்ததும் சீட் கம்பி ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். விமானப் பெட்டியில் வைக்கச் சீட்டைக் கழற்றும்போது அந்த அடையாளம் இல்லாவிட்டால், மறுநாள் வேறு உயரத்தில் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

4. தாள்கள்

பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை இது. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

*பாஸ்போர்ட்.* உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. வெற்றுப் பக்கங்களும் வேண்டும். மெதுவாகப் போகிற உங்களுக்கு இந்த ஆறு மாதத்தைக் கடைசி நாட்டில் நுழையும் தேதியிலிருந்து எண்ணவேண்டும்.

*விசா.* மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, நாள்கணக்கு எப்போது தொடங்குகிறது என்பது. சில விசாக்கள் நீங்கள் நுழைந்த நாளிலிருந்து ஓடும், சில வழங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இரண்டாம் வகையை இரண்டு மாதம் முன்பே வாங்கிவைத்தால் எல்லைக்குப் போய்ச் சேரும்போது அது காலியாகியிருக்கும். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான், அதுவும் எல்லா நாட்டையும் சேர்த்துத்தான். ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்கு மிதித்துப் போவதால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

இரண்டாவது, இணையத்தில் எடுக்கும் விசா. பல நாடுகளின் மின்விசா, பட்டியலில் உள்ள விமான நிலையங்களிலும் சாவடிகளிலும் மட்டுமே செல்லும். நீங்கள் வரப்போகிற தரைவழிச் சாவடியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் சொந்தத் தளத்தில் பாருங்கள். யாரோ ஒருவர் போனவருடம் போய்வந்தார் என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது, வெளியேறும் டிக்கெட். சைக்கிளில் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் இருக்காது, அடுத்த நாட்டுக்கு மிதித்தே போய்விடுவார். ஆனால் விமானத்தில் ஏறும்போது கவுன்டரில் அதைக் கேட்பார்கள். பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் ஒன்றோ, எல்லை தாண்டும் பேருந்து டிக்கெட் ஒன்றோ கையில் வையுங்கள். அடுத்த நாட்டு விசாவின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

*சாலை.* கையால் தொட்டுவிடும் தூரத்தில் எல்லை இருந்தாலும் மிதித்துக் கடக்க முடியாத இடங்கள் உண்டு. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ரயிலிலோ படகிலோதான் போகவேண்டும். விரைவுச் சாலைகளிலும் பல நாடுகள் சைக்கிளை விடுவதில்லை. வரைபடச் செயலியில் "கார்" வழியைப் பார்த்துத் திட்டம் போட்டால் இந்த இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். 1968 இன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, நாடு தாண்டும் சைக்கிளுக்கு வேலை செய்யும் பிரேக், மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு ஆகியவற்றைக் கேட்கிறது. இவை இருந்தால் பெரும்பாலான இடங்களில் தொந்தரவு வராது. தலைக்கவசச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

*சைக்கிளின் ரசீது.* இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து அதைப் படம் எடுங்கள். வாங்கிய ரசீதில் அந்த எண் இருக்கவேண்டும். இல்லையென்றால் கடையில் எழுதி முத்திரை போட்டு வாங்குங்கள். என் இரண்டாவது பயணத்தில் சைக்கிள் திருடு போனது. காவல் நிலையப் புகார் இருந்தது, ரசீது இருந்தது, ஆனால் ரசீதில் எண் இல்லை. இழப்பீடு கிடைக்கவில்லை. சுங்கத்தில் "இது விற்கக் கொண்டுபோகிற பொருளா?" என்று கேட்டாலும் பதில் சொல்வது இதே தாள்தான்.

*காப்பீடு.* விதிப்புத்தகத்தின் விலக்குகள் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். பல நாள் சைக்கிள் பயணம் சேருமா? எத்தனை மீட்டர் உயரம் வரை? மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லும் செலவும் ஊருக்கு அனுப்பும் செலவும் உள்ளேதானா? சைக்கிள் திருட்டுக்குப் பூட்டு எந்த வகையில் இருக்கவேண்டும்? இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "ஆமாம், சேரும்" என்று சொன்னது பின்னால் செல்லாது. பயணம் தொடங்கியபின் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு, ஆகவே கிளம்பும் முன்பே வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஒன்று பையில், ஒன்று இணையச் சேமிப்பில். இன்னொன்று வீட்டில் ஒருவரிடம் இருந்தால் இன்னும் நிம்மதி.

5. பணம் எங்கே போகிறது

மிதித்துப் போவதற்குச் செலவே இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எரிபொருளுக்குச் செலவில்லை, அவ்வளவுதான். பசி இரட்டிப்பாகும், அதற்குச் செலவு உண்டு.

முதல் படியில் வந்த நாள் எண்ணை எடுங்கள். மிதிக்கும் நாள்களையும் ஓய்வு நாள்களையும் தனித்தனியாக எழுதுங்கள். மிதிக்கும் நாளில் சாப்பாடு மட்டும், இரவு கூடாரத்தில் கழிந்துவிடும். ஓய்வு நாள் ஊருக்குள் அறை, துணி துவைப்பது, பழுது, நல்ல சாப்பாடு என்று போகும். என் கணக்கில் ஓர் ஓய்வு நாள் மூன்று மிதிக்கும் நாளின் செலவைத் தின்றது. அதற்காக ஓய்வைக் குறைக்காதீர்கள், முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

விட்டுப்போகிற செலவுகள்: விமானத்தில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் (போகவும் வரவும்), விசா நீட்டிப்பு, ரயிலிலும் பேருந்திலும் சைக்கிளுக்கான கட்டணம், வேண்டாத சாமானை வீட்டுக்கு அனுப்பும் பார்சல். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் செய்கிறார்கள்.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்கள் டயர், சீட், பின்சக்கரம், பிரேக் கட்டை, காப்பீடு. உடை, பாத்திரம், கைபேசித் தாங்கி இவற்றில் தாராளமாகச் சிக்கனம் பாருங்கள். அவசரத்தில் ஊர் திரும்ப, ஒருவழி விமான டிக்கெட்டும் சைக்கிள் கட்டணமும் சேர்ந்த தொகை வேறொரு அட்டையில் தொடாமல் இருக்கட்டும்.

6. பாரத்தோடு ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, முழுப் பாரத்தையும் ஏற்றி, இரண்டு இரவு வெளியில் தங்கும்படி போய்வாருங்கள். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்காரும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

கனமானவை கீழே, சக்கர அச்சுக்கு அருகே இருக்கட்டும். திரும்பி வந்ததும் தொடாத பொருட்களைத் தனியாக எடுத்துவையுங்கள். மருந்து, பழுது சாமான், மழை உடை தவிர மற்றதை வீட்டில் விடலாம். இருட்டில் டியூப் மாற்றிப் பழகுங்கள். செயின் ஒன்றைக் கழற்றி மாட்டுங்கள். இதற்குப்பின் புதிதாக எந்தப் பாகமும் மாட்டாதீர்கள், சீட்டை மட்டும் மாற்றவே கூடாது.

எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், அலன் கீ, பெடல் ஸ்பேனர், செயின் கழற்றி, செயின் இணைப்பு, கம்பிகள், பிரேக் கட்டை ஒரு ஜோடி, பிரேக் ஒயர், கியர் ஒயர். உங்கள் வால்வு எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற பம்ப் எடுங்கள்.

7. விமானத்தில்

டிக்கெட் எடுப்பதற்கு முன் சைக்கிள் விதியைப் படியுங்கள். ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் வேறொரு நிறுவனத்தின் விமானம் பறக்கலாம். அப்போது பெரும்பாலும் பறக்கிற நிறுவனத்தின் விதியே உங்களைக் கட்டும். டிக்கெட் எடுத்த அன்றே சைக்கிளையும் பதிவு செய்து, உறுதிப்படுத்திய மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள். எடை வரம்பு பெரும்பாலும் 23 கிலோ. கூடுதல் பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது.

அட்டைப்பெட்டி சைக்கிள் கடைகளில் கிடைக்கும், ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். பெடல் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, சைக்கிளின் பின்பக்கமாக இழுத்தால் இரண்டு பெடலும் கழலும் என்று நினைவில் வையுங்கள். முன்சக்கரம் எடுத்த ஃபோர்க்கின் இரு முனைகளுக்கிடையே ஒரு கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் நசுங்கும். டயர் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். முழுதாக எடுத்துவிடாதீர்கள், ரிம்முக்கு அடி படாமல் இருக்கக் கொஞ்சம் வேண்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடை இல்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்குமேல் பயணிகள் விமானத்தில் ஏறாது. 20,000 மில்லிஆம்ப்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான், கவலை வேண்டாம். மின்சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெளியே இருக்கும். அடுப்பின் எரிவாயுக் குப்பியைக் கொண்டுபோகவே கூடாது.

இறங்கும் ஊரில் முதல் இரண்டு இரவுக்கு அறை போட்டுவையுங்கள். பெட்டியைத் திறந்து நிதானமாக மாட்ட ஒரு பகல் பிடிக்கும்.

8. முதல் வாரம்

முதல் மூன்று நாள் 40 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். சிறிய கியரில், நிமிடத்துக்கு 70–80 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். பெரிய கியரில் அழுத்தி மிதிப்பது முட்டிக்கு ஆகாது. முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் கேரியர், ஹேண்டில்பார், சீட் திருகுகளை எல்லாம் ஒரு முறை இறுக்குங்கள், பாரத்தோடு ஓடியபின் அவை தளர்ந்திருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவில் கலந்து குடியுங்கள், அன்று மிதிக்காதீர்கள். மலைவழி என்றால் 3,000 மீட்டருக்குமேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்குமேல் கூடக்கூடாது.

ஒவ்வொரு மாலையும் நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: எல்லைவரை மீதித் தூரம், விசாவில் மீதி நாள், கையில் மீதிப் பணம். தூரத்தை நாளால் வகுத்தால் 60 தாண்டுகிறதா? மறுநாளே ஒரு பேருந்தில் ஏறி நூறு கிலோமீட்டரைக் கழித்துவிடுங்கள், கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். பேருந்தில் பெரும்பாலும் முன்சக்கரத்தைக் கழற்றச் சொல்வார்கள், ஏறுகிற அவசரத்தில் பையைக் குடைய நேரம் இருக்காது. ஸ்பேனரைப் பையின் மேற்புறத்தில் வையுங்கள்.